தகரச் சீட்டிலிருந்து வானொலிச் சீட்டு வரை



கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு மலைச்சாலையில் இறங்கிப் போகிறவர்களுக்கு, அடிவாரத்தை அடைந்ததும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் கட்டணச் சாவடி எதிர்ப்படும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதானாலும், பினாங்குக்குப் போவதானாலும் அந்த வாசலைக் கடந்தாக வேண்டும். சில வண்டிகள் நிற்பதுபோல் வந்து நிற்காமலே போய்விடுகின்றன; தடைக்கம்பு தானாகவே எழுந்து வழி விடுகிறது. வேறு சில வண்டிகள் நின்று, சற்றுப் பின்வாங்கி, மறுபடி முன்னேறிப் பார்க்கின்றன; கம்போ அசைவதில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கேட்கிறது. இரு வண்டிகளிலும் ஒட்டியிருப்பது ஒரே மாதிரியான சீட்டுதான். ஒன்று படிக்கப்பட்டது, மற்றது படிக்கப்படவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

ஆளுக்கோ பொருளுக்கோ எண் போட்டு அடையாளம் காண்பது தோட்டத் தமிழனுக்குப் புதிய செய்தி அல்ல. 1901-ஆம் ஆண்டளவில், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோவதற்கு 'தகரச் சீட்டு' என்றொரு முறை ஏற்படுத்தப்பட்டது. சிறிய தகர வில்லை ஒன்று. அதில் தோட்டத்தின் பதிவு எண்ணும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு, எழுதப்படிக்கத் தெரியாத மனிதர்கூட ஊரிலிருந்து கப்பலேறி, கண்டிச் சீமையின் ஏதோ ஒரு மலையில் உள்ள தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் கேட்பவர்களுக்கு வில்லையைக் காட்டினால் போதும். வழிச்செலவு அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. சௌகரியம்தான், ஆனால் கணக்கு என்று ஒன்று எழுதப்பட்டால் அது யார் தலையில் வந்து விடியும் என்பதை நம் முன்னோர் அனுபவித்து அறிந்தார்கள்.

மலாயாவுக்கு வந்தவர்கள் நாகப்பட்டினம், ஆவடி முகாம்கள் வழியே, கங்காணியின் பொறுப்பில் வேறு ஏற்பாட்டில் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு அந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தியது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியதை நினைத்துப் பார்த்தால், இந்த மலைக்கு வந்தவர்கள் அந்த நீண்ட வரிசையின் கடைசிப் பகுதியில் வந்தவர்கள் என்பது விளங்கும்.

தகரச் சீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைப் படிக்கும் தூரம் ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம். படிப்பவர் கண்ணால் பார்க்க வேண்டும். வைத்திருப்பவருக்கும் தன்னைப் படிக்கிறார்கள் என்பது தெரியும். எட்டத்தில் இருந்தபடி, கண்ணில் படாமல், ஒரு சீட்டைப் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை வேறொரு திசையிலிருந்து, போர்க்களத்திலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷாரிடம் ராடார் இருந்தது. வானொலி அலையை அனுப்பி, அது விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு விமானம் வருவதை அறிந்தார்கள். ஆனால் வருகிறவன் நண்பனா எதிரியா என்பதை ராடார் சொல்லவில்லை. ஆகவே தங்கள் விமானங்களில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். ராடார் அலை வந்து தொட்டதும் அந்தக் கருவி பதில் அலை அனுப்பும். 'யாரங்கே?' என்றால் 'நான்தான்' என்பதுபோல. அந்தக் கருவிக்கு விமானத்திலேயே மின்சாரம் இருந்தது; ஆகவே பல மைல் தூரத்திலிருந்து அதன் குரல் கேட்டது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தனக்கென்று மின்சாரம் உள்ள சீட்டு தூரத்திலிருந்தும் பேசும், இல்லாத சீட்டு, கேட்பவன் கொடுக்கும் சக்தியிலேயே பேச வேண்டும்.

மின்சாரம் இல்லாமலே பேசும் கருவிக்கு மாஸ்கோவில் ஒரு விசித்திரக் கதை உண்டு. 1945-இல் சோவியத் பள்ளிச் சிறுவர்கள், அமெரிக்கத் தூதர் ஆவெரல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசாக வழங்கினார்கள். அழகான கழுகுச் சின்னம். தூதர் தம் இல்லத்தில் அதை மாட்டி வைத்தார். ஏழாண்டுகள் அது சுவரில் தொங்கியது. 1952-இல்தான் அதன் வயிற்றுக்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் செய்தவர் லியோன் தெரெமின் என்ற ரஷ்ய அறிஞர். அதில் பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை. ஒரு சிறு உலோகக் குடுவை, அதன் வாயில் மெல்லிய தகடு, ஒரு ஆண்டெனா, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு வானொலி அலையை அந்த வீட்டை நோக்கிச் செலுத்தினால், அறையில் பேசும் சத்தத்துக்கு ஏற்ப அந்தத் தகடு அதிர்ந்து, திரும்பிப்போகும் அலையை மாற்றிவிடும். வெளியே இருப்பவன் அந்த மாற்றத்திலிருந்து பேச்சைக் கேட்டுக்கொள்வான். வெளியே அலை நின்றால் கருவி வெறும் தகரம். 1960-இல் ஐக்கிய நாட்டு மன்றத்தில் அமெரிக்கப் பிரதிநிதி அந்தக் கழுகை எடுத்துக் காட்டினார்.

அந்தக் கழுகு வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1948-இல், ஹாரி ஸ்டாக்மன் என்பவர் எதிரொளிக்கும் சக்தியைக் கொண்டு செய்தி அனுப்புவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வெயிலில் கண்ணாடித் துண்டை ஆட்டி எதிர் மலையில் இருப்பவனுக்குச் சாடை காட்டும் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வருகிற வெளிச்சத்தைத் திருப்பியும் மறைத்தும் பேசுகிறது. இன்று வண்டியில் ஒட்டும் சீட்டு செய்வதும் இதுவேதான்.

பிறகு வேலை மெல்ல நடந்தது. 1973 ஜனவரியில் மரியோ கார்டுல்லோ என்ற அமெரிக்கர் நினைவகம் உள்ள வானொலிச் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சாலைக் கட்டணம் வசூலிக்க இது உதவும் என்பது அப்போதே அவர் சிந்தனை. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில், அணுப்பொருள் ஏற்றிய வண்டிகளையும் பண்ணை மாடுகளையும் இவ்வகைச் சீட்டால் அடையாளம் காண முயன்றார்கள். அணுகுண்டுக்கூடத்தில் மாடு என்ன செய்தது என்று கேட்கத் தோன்றும். ஆய்வு அப்படித்தான் போகிற வழியில் போகும். 1987-இல் நோர்வேயின் ஓலசுண்ட் நகரில் வானொலிச் சீட்டால் சாலைக் கட்டணம் வசூலித்தார்கள். 1998-இல் சிங்கப்பூர் தன் சாலைகளில் வளைவுகள் அமைத்து, ஓடும் வண்டியிலிருந்தே கட்டணம் எடுக்கத் தொடங்கியது. அங்கே வண்டிக்குள் வைத்த கருவிக்கு வண்டியின் பேட்டரியே மின்சாரம் கொடுத்தது.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. 1998-இல் சில்லு பதித்த கடப்பிதழை உலகிலேயே முதன்முதலில் வழங்கிய நாடு மலேசியா. அதற்கு ஓராண்டு முன்பே, 1997-இல், டச் அண்ட் கோ அட்டை கட்டணச் சாவடிக்கு வந்துவிட்டது. 2001-இல் வந்த மைகார்டிலும் அந்த வசதி சேர்க்கப்பட்டது. அட்டையைக் கருவிக்கு அருகே கொண்டுபோனால் 'பீப்' என்று ஒலிக்கும். சில அங்குலம் தள்ளிப் பிடித்தால் ஒலிக்காது. அது குறையல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்த அட்டைக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. கருவியிலும் ஒரு சுருள். இரண்டும் காந்தப் புலத்தால் பேசிக்கொள்கின்றன. காந்தப் புலம் மிக வேகமாகத் தேய்வது. தூரம் இரண்டு மடங்கானால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். நீங்கள் நீட்டினால்தான் பணம் போகும் என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஒரே பணப்பையில் இரண்டு அட்டைகளை அடுக்கி வைத்து அப்படியே காட்டினால் கருவி திணறுவதும் இதனால்தான். இரண்டு சுருள்களும் ஒரே நேரத்தில் குறுக்கிடுகின்றன. அட்டையைத் தனியே எடுத்துக் காட்டினால் தீர்ந்தது.

இடையில் ஸ்மார்ட்டேக் என்றொரு பெட்டியும் வந்தது. அட்டையை அதில் செருகி முன்கண்ணாடியருகே வைப்பார்கள். அது பேசியது வானொலி அலையில் அல்ல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில். அதற்கு பேட்டரியும் வேண்டும். அதற்குப் பிறகு வந்ததுதான் ஒட்டுச்சீட்டு, மக்கள் 'ஆர்.எஃப்.ஐ.டி.' என்று எழுத்து எழுத்தாகச் சொல்வது. 2018-இல் பொதுமக்களிடையே சோதனை தொடங்கியது. 2022 ஜனவரி 15 முதல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஜூரு முதல் ஸ்கூடாய் வரை அது நடைமுறைக்கு வந்தது. சிம்பாங் பூலாய் அந்த எல்லைக்குள் அடங்கும். தொடக்க நாட்களில் பல சாவடிகளில் நெரிசல். படிக்கவில்லை என்ற புகார்கள் பத்திரிகைகளில் நிறைய வந்தன. சீட்டு சேதம், தவறான இடத்தில் ஒட்டியது, கணக்கில் பணம் போதாமை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காகப் படித்த சீட்டு சாலையில் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்? இனி அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒட்டுச்சீட்டில் பேட்டரி இல்லை என்றோம். சாவடியின் மேலே உள்ள ஆண்டெனா அனுப்பும் அலையே அதன் உணவு. அதிலிருக்கும் சில்லு விழித்தெழ ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவு சக்தி போதும். கேட்க எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் இருட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சுவரிலிருந்து ஒரு கெஜம் தள்ளிப் பிடித்தபோது இருந்த வெளிச்சம், இரண்டு கெஜம் தள்ளினால் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. மூன்று கெஜத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. வானொலி அலையும் அப்படியே பரந்து தேய்கிறது. ஆகவே படிக்கும் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் ஆண்டெனாவின் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும். அப்படி இஷ்டம்போல் கூட்ட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. மலேசியாவில் இதற்கு ஒதுக்கிய அலைவரிசை 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 865 முதல் 868. திறந்த வெளியில், நல்ல நிலையில், இன்றைய சீட்டைப் பத்து மீட்டருக்கு அப்பாலும் படிக்கலாம். ஆனால் நாம் வாழ்வது திறந்த வெளியில் அல்லவே.

முதல் எதிரி உலோகம். உலோகத்தில் பட்ட அலை திரும்பிவிடும். அதோடு உலோகத்தை ஒட்டினாற்போல் உள்ள இடத்தில் அலை தன்னையே அழித்துக்கொள்ளும். சாதாரணச் சீட்டைக் காரின் இரும்புக் கூட்டின்மேல் ஒட்டினால் அது செத்த சீட்டு. அதனால்தான் கண்ணாடியில் அல்லது முன்விளக்கில் ஒட்டச் சொல்கிறார்கள். கண்ணாடியிலும் ஒரு சூது இருக்கிறது. வெயில் சூட்டைத் தடுக்கச் சில கார்க் கண்ணாடிகளிலும் கறுப்புத் தாள்களிலும் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு உண்டு. வெளிச்சம் உள்ளே வரும், வானொலி அலை வராது. அத்தகைய காருக்குத்தான் முன்விளக்குச் சீட்டு. பிளாஸ்டிக் மூடியின்மேல் அது உலோகத்திலிருந்து விலகி நிற்கிறது. இந்த விலகல் ஒரு சில மில்லிமீட்டர் ஆனாலும் வேறுபாடு பெரிது.

இரண்டாவது எதிரி தண்ணீர். கேமரன் மலைக்காரர்களுக்கு உடனே மூடுபனி நினைவுக்கு வரும். மூடுபனி இந்த அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அந்தத் திவலைகள் மிக நுண்ணியவை, இந்த அலையின் நீளமோ 32 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் சீட்டின் மேலேயே படியும் நீர்ப் படலம் வேறு விஷயம். ஆண்டெனாவை ஒட்டி நீர் நின்றால், வீணைத் தந்தியில் ஈரத்துணி சுற்றியதுபோல அதன் சுருதி கெட்டுவிடும். சக்தியின் ஒரு பகுதியை நீரே உறிஞ்சியும்விடும். முன்விளக்கில் சேறும் ஈரமும் அப்பியிருக்கும் வண்டி மலையிறங்கி வந்ததும், சாவடிக்கு முன் ஒரு துணியால் துடைத்துவிடுவது வீண் வேலை அல்ல.

மூன்றாவது, சீட்டு எப்படித் திரும்பியிருக்கிறது என்பது. வேலிக் கம்புகளின் இடைவெளி வழியே ஒரு கயிற்றை நீட்டி, மேலும் கீழுமாக ஆட்டினால் அலை வேலியைத் தாண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்புகளில் முட்டி நின்றுவிடும். ஆண்டெனாவும் வேலியைப் போலத்தான். சுழன்று வரும் அலையை அனுப்பி இந்தக் குறையை ஓரளவு சமாளிக்கிறார்கள். அதற்கு விலையாகப் பாதிச் சக்தி கைநழுவுகிறது. ஆனால் சீட்டின் முனை ஆண்டெனாவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வித்தையும் பலிக்காது.

நான்காவது, எதிரொலி. எதிர் மலையைப் பார்த்துக் கூவினால் குரல் திரும்பி வரும் அல்லவா? சாவடியிலும் அலை தரையில் பட்டு, பக்கத்து லோரியில் பட்டு, கூரையில் பட்டுத் திரும்பி வருகிறது. நேரே வந்த அலையின் மேடும் திரும்பி வந்த அலையின் பள்ளமும் ஓரிடத்தில் சந்தித்தால் அங்கே எதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்ட 'ஊமை இடம்' ஒரு சாண்கூட இருக்காது. சற்று முன்னே நகர்ந்தால் சீட்டு மறுபடி உயிர்பெறும். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும் ஓட்டுநர் தமக்குத் தெரியாமலே ஓர் இயற்பியல் பரிசோதனை செய்கிறார். பின்னால் வருபவருக்குத்தான் பொறுமை வேண்டும்.

வண்டியின் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். படிக்கும் பரப்பு ஐந்து மீட்டர் என்றால், சீட்டு விழித்து எண்ணைச் சொல்ல ஒரு நொடிக்கும் குறைவான நேரமே உண்டு. சாதாரணமாக அது தாராளம். மேலே சொன்ன தடைகள் இரண்டு மூன்று சேர்ந்துகொண்டால் அது போதாமல் போகலாம்.

இத்தனையும் கேட்டபின், ஆண்டெனாவை மிகக் கூர்மையாக்கி எல்லாத் திசையிலும் தூரமாகப் படிக்க வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதுதான் விபரீதம். பக்கத்துத் தடத்தில் நிற்பவரின் சீட்டும் படிபடும். முன்வண்டிக்கு நெருக்கமாக ஒட்டி நின்றால், உங்கள் சீட்டு படிக்கப்பட்டு முன்னவருக்குக் கம்பு எழும். ஆகவே சாவடி அமைப்பவர்கள் தூரத்தைக் கூட்டுவதைவிட அதற்கு வேலி கட்டுவதற்கே அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது. ஒரு காரின் நீளம் இடைவெளி விட்டு நிற்பது இதற்கு நம்மாலான உதவி.

இந்தப் பாடங்களைப் பெரிய நிறுவனங்களும் பணம் செலவழித்துத்தான் கற்றன. அமெரிக்காவின் வால்மார்ட் கடை, தனக்குச் சரக்கு அனுப்பும் 100 பெரிய நிறுவனங்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் வானொலிச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று 2003-இல் அறிவித்தது. துணிப்பெட்டியும் காகிதப் பெட்டியும் நன்றாகப் படித்தன. தண்ணீர்ப் போத்தல்களும் டின் உணவுகளும் அடுக்கிய பெட்டிகள் மக்கர் செய்தன. தண்ணீரும் தகரமும், நம் பழைய இரு எதிரிகளேதான். இந்தியாவில் 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது, அங்கே சீட்டு இல்லாதவர்கள் இரட்டைக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. அங்கேதான் 'படிக்கவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் உள்ள இடைவெளி பணமாக மாறியது.

இந்த இடைவெளி தோட்ட வாழ்க்கையில் பழகிய ஒன்று. காலைப் பெரட்டில் பேர் எழுதும்போது கிராணியின் காதில் விழாத குரலுக்கு அன்றைய நாள் இல்லை. இன்று பல தொழிற்கூடங்களில் அட்டையைக் காட்டி வருகை பதிகிறார்கள். அட்டை படிக்கவில்லையென்றால் இயந்திரம் 'இந்த ஆள் வந்தார், நான்தான் படிக்கவில்லை' என்று எழுதாது; வெற்றிடம் விடும். அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறவர் 'வரவில்லை' என்று வாசித்துவிடுவார். தகரச் சீட்டில் எழுத்து தேய்ந்திருந்தால் பார்ப்பவருக்கே அது தெரிந்தது. வானொலிச் சீட்டு மௌனமாகவே தவறும். ஆகவே 'பீப்' ஒலியைக் கேட்டபின் நகர்வது, திரையில் தன் பேரோ எண்ணோ வந்ததா என்று ஒரு கணம் பார்ப்பது, வராவிட்டால் அப்போதே, மாதக் கடைசி வரை காத்திராமல், மேற்பார்வையாளரிடம் சொல்லிக் கையால் எழுதச் செய்வது நல்லது. நெடுஞ்சாலைக் கணக்கிலும் அப்படியே. கைப்பேசியில் தேதியும் சாவடிப் பெயரும் பதிந்திருக்கும், இருமுறை எடுத்திருந்தால் அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம்.

கொழுந்து மூட்டைகளுக்கே இத்தகைய சீட்டு கட்டும் காலம் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது சுவையானது. நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் 75 முதல் 80 கிலோ வரை தண்ணீர்; மழை நாளில் இலைமேல் ஒட்டிய நீர் வேறு. அலைக்கு அது தண்ணீர்த் தொட்டிதான். சீட்டை மூட்டைக்குள் போட்டாலோ, இரண்டு மூட்டைகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டாலோ படிக்காது. மூட்டையின் வாயைக் கட்டும் கயிற்றில், இலையைத் தொடாமல் தொங்கவிட்டால் படிக்கும். பண்ணை மாட்டின் காதில் போடும் சீட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது 134 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையில் பேசுகிறது, அந்த அலை உடம்பின் ஈரத்தைப் பொருட்படுத்தாமல் ஊடுருவும். ஆனால் அதைப் படிக்கக் கருவியை மாட்டின் காதருகே கொண்டுபோக வேண்டும், தகரச் சீட்டைப் படித்த அதே ஒரு முழம், இரண்டு முழத் தூரத்தில்.